கொள்ளைநோய்க் காலத்தில் இசைப் பயிற்சி

மக்கள் பயிலும் கலைகளுள் இசைக்கலை மூச்சோடு மிக நெருங்கிய தொடர்புடையது. வாய்ப்பாட்டும், புல்லாங்குழலும், நாகசுரமும் மூச்சையே முதலாகக் கொண்டு எழுவன. ஆசிரியர் பாட, மாணாக்கர் எதிரே அமர்ந்து செவியால் வாங்கி, அவ்வாறே திருப்பிப் பாடுவது நம் நாட்டு இசைக் கல்வியின் தொன்று தொட்ட முறையாம். ஆதலின், கற்பிப்போர் மூச்சும் கற்போர் மூச்சும் ஓரறையில் கலந்து நிற்பது இக்கல்விக்கு இயல்பாகவே அமைந்துவிட்டது. அம்மூச்சே நோயையும் சுமந்து செல்ல வல்லது என்பதை, 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாக் கொள்ளைநோய் நமக்கு உணர்த்தியது.

அவ்வாண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, இசை வகுப்புகளும் ஒத்திகைகளும் ஒருங்கே நின்றன. பின்னர்ச் சிலர் அஞ்சி நெடுநாள் திறவாதிருந்தனர். சிலர் ஒன்றும் நேராததுபோல் முன்போலவே கூடினர். இவ்விரண்டும் அறிவுடைமை ஆகா. உலக சுகாதார நிறுவனம் இந்நோயைப் பற்றிய அவசர நிலையை 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் நீக்கிவிட்டது. ஆயினும், இடர் நீங்கிய காலத்தில் அமைதியாக எண்ணிப் பார்ப்பதே அடுத்த இடர் வருங்கால் உதவும். ஆகலின், கொள்ளைநோய் பரவும் காலத்தும் இசைப் பயிற்சியைக் கைவிடாது, ஒருவர்க்கும் தீங்கு நேராது, நடத்துவது யாங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சென்னைத் துறைமுகத்தின் வடபால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொடர்ந்து மீஞ்சூர் வரை நீளும் இப்பகுதியை ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் நிறைந்த இடம் என்றே பலரும் அறிவர். இசைக்கும் இதற்கும் உள்ள உறவு பழமையானது என்பதைச் சிலரே நினைப்பர். தியாகராச சுவாமிகள் திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரி அம்மையின்மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவர்தம் மாணவர் வீணை குப்பையரின் மைந்தர், திருவொற்றியூர்த் தியாகையர் என ஊர்ப்பெயராலேயே புகழ் பெற்றார். வடகாஞ்சி எனப்படும் மீஞ்சூரின் சிவன் கோவிலிலும் பெருமாள் கோவிலிலும் நாகசுரமும் தவிலும் முழங்குகின்றன. கிறித்தவ ஆலயங்களில் ஞாயிறுதோறும் பாடகர் குழுவினர் கீர்த்தனை பாடுகின்றனர். பறையும் கானாப் பாட்டும் இவ்வட்டாரத்துத் தெருக்களுக்கு உரியன. ஆனால், இங்கு இசைப்பள்ளி என்பது பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரது வீட்டின் முன்னறையே. பாடகர் குழுவிற்கோ ஆலயத்தை அடுத்த சிற்றறையே ஒத்திகைக் கூடம். எனவே, பெருநகர்ப் பெருங்கூடங்களுக்கு வகுத்த விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இச்சிற்றறைகளுக்குப் பொருந்துவனவற்றைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

ஒத்திகை ஒன்றில் நோய் எவ்வாறு பரவும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி தக்க சான்றாகும். அமெரிக்க நாட்டின் வாசிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்னும் ஊரில், ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் மாலை ஒத்திகைக்குக் கூடினர். உலக சுகாதார நிறுவனம் இந்நோயை உலகக் கொள்ளைநோய் என அறிவித்தது அதற்கு மறுநாளேயாகும். அன்று கூடியோர் 61 பேர், பெரும்பாலோர் முதியோர். அவர்கள் இரண்டரை மணி நேரம் ஒருங்கிருந்தனர். அவர்களுள் ஒருவர்க்கு மூன்று நாள் முன்னரே சளிக்குறி தோன்றியிருந்தது. அவ்வொருவரிடமிருந்து 52 பேர்க்கு நோய் தொற்றியதாகக் கணக்கிட்டனர். அவருள் 32 பேர்க்கு அது சோதனையால் உறுதியாயிற்று. இருவர் இறந்தனர். இத்துணைக்கும் அவர்கள் கவலையின்றிக் கூடியவர் அல்லர். கைகளைத் தூய்மை செய்துகொண்டனர். கைகுலுக்குதலையும் தழுவுதலையும் தவிர்த்தனர். கையைக் காத்தும் நோய் வந்ததெனின், அது வந்த வழி யாது? அவர்கள் பகிர்ந்துகொண்ட காற்றே.

இதன் காரணத்தை விளக்குவாம். நாம் பேசும்போதும் பாடும்போதும் வாயிலிருந்து பல அளவினவாகிய நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. ஒரு மில்லி மீட்டரின் ஆயிரத்தில் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். 100 மைக்ரான் அளவுள்ள துளி, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சில நொடிகளில் தரையில் வீழ்ந்துவிடும். 5 மைக்ரான் அளவினதோ, அசைவற்ற காற்றில் வீழ்வதற்கு அரை மணிக்கு மேலாகும். 1 மைக்ரான் அளவினது பன்னிரண்டு மணி நேரம் வரை மிதக்கும். ஊதுவத்திப் புகை அறையின் ஒரு மூலையில் எழுந்து சிறிது நேரத்தில் எங்கும் நிறைவதுபோல், இந்நுண்துளிகளும் மூடிய அறையை நிறைத்துவிடுகின்றன. ஆறடி விலகியிருத்தல் பெருந்துளிகளுக்குத் தடையாகுமேயன்றிப் புகைபோல் மிதப்பனவற்றுக்குப் போதிய தடையாகாது.

பாடுதல் இந்நுண்துளிகளைப் பெருக்குமோ எனின், குரலின் உரப்பே இதில் முதன்மையானது என்று ஆராய்ச்சி கூறுகின்றது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் பாடகர்களைக் கொண்டு அளந்து பார்த்தனர். ஒரே உரப்பில் பேசுவதற்கும் பாடுவதற்கும் வேறுபாடு சிறிதே. ஆனால் மெல்லிய குரலிலிருந்து மிக உரத்த குரலுக்குச் செல்லுங்கால், வெளிப்படும் நுண்துளிகளின் நிறை 20 முதல் 30 மடங்கு வரை உயர்கின்றது எனக் கண்டனர். இக்கருத்து முற்றும் புதியதும் அன்று. பாடுதலால் காசநோய் பரவக்கூடுமோ என்பதை ஆய்வாளர் இருவர் ஆராய்ந்து 1968-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டனர். உலகக் காசநோயாளருள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நம் இந்தியாவில் உள்ளார். ஆகலின், ஈண்டுக் கூறப்படுவன கொரோனாவுக்கு மட்டும் உரியன அல்ல. காசநோய், தட்டம்மை, குளிர்காய்ச்சல் முதலிய காற்றுவழி நோய்கள் யாவற்றுக்கும் பயன்படுவனவாம்.

இனி, செய்யத்தக்கன யாவை என்பதைக் கூறுவாம்.

முதலாவது, நோய்க்குறி உடையவர் வகுப்புக்கு வாராதிருத்தல். சொல்வதற்கு எளிய இவ்விதி கைக்கொள்வதற்கு அரியது. சிறு சளிக்கு வகுப்பை விடுவதா எனப் பெற்றோர் எண்ணுகின்றனர். விடுத்த வகுப்புக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருத்தலும், ஆண்டுவிழாவில் பாடும் இடம் பறிபோகும் என்ற அச்சமும் மாணாக்கரை இருமலோடு வரச் செய்கின்றன. ஆதலின், நோயால் வாராதவர்க்குக் கட்டண இழப்பும் இட இழப்பும் இல்லை என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். ஆசிரியரோ அம்மாதக் கட்டணத்தையே நம்பி வாழ்பவர். ஆகவே, விடுபட்ட பாடத்தை வேறொரு நாளில் நடத்துவது இருவர்க்கும் நட்டமின்றி முடியும் வழியாகும். இளைஞர் பெரும்பாலும் எளிதில் தேறுவர்; முதியவராகிய ஆசிரியரோ அவ்வாறு தேறுவார் எனச் சொல்லவியலாது. கோடிக்கணக்கான மக்கள் குரலறிந்த பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கொரோனாத் தொற்றோடு மருத்துவமனை புகுந்து, செப்டம்பர் 25-ஆம் நாள் மறைந்ததை நாடு மறவாது. மாணாக்கன் சளியோடு ஒருநாள் வீட்டில் இருத்தல் அவனுக்கு ஒரு பாட இழப்பு. அவன் வருதலோ ஆசிரியருக்கு உயிரிழப்பும் ஆகக்கூடும்.

இரண்டாவது, இடத்தைத் தேர்தல். அறையினும் திண்ணை நன்று. திண்ணையினும் மொட்டை மாடி நன்று. வெட்டவெளியில் நுண்துளிகள் காற்றோடு கலந்து விரைவில் சிதறிவிடும். கோடைகாலத்தில் பிற்பகலில் எழும் கடற்காற்று நம் வட்டாரத்துக்குக் கிடைத்த பெரும்பேறு. வெயில் தாழ்ந்தபின் மாடியில் பாய் விரித்து வகுப்பு நடத்துதல் யார்க்கும் இயலும். அறைக்குள்ளேயே நடத்த வேண்டுமாயின், எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வைத்தல் வேண்டும். ஒருபக்கச் சாளரம் மட்டும் திறந்தால் காற்று நன்கு ஓடாது. மேல்விசிறி காற்றைச் சுழற்றுமேயன்றி மாற்றாது. வீடுகளில் வழங்கும் குளிர்சாதனமும் உள்ளிருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விப்பது. அதனை நம்பிக் கதவடைத்தல் தீது.

அறையின் காற்று எவ்வளவு விரைவில் மாறுகின்றது என்பதைக் கணக்கிடலாம். மணிக்கு ஐந்துமுறை மாறும் அளவு புதுக்காற்று வருமாயின், மிதக்கும் துளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நீங்க ஏறக்குறைய 36 நிமிடம் ஆகும். பன்னிரண்டு முறை மாறுமாயின் 15 நிமிடம் போதும். இதனை மதிப்பிட, கரிவளி அளக்கும் சிறு கருவியும் உண்டு. வெளிக்காற்றில் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு கரிவளி உள்ளது. அறைக்குள் அது 800 பங்குக்கு மேற்படின், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்குதல் மிகுந்துவிட்டது எனக் கருதிச் சாளரங்களை அகலத் திறக்கவோ, கூட்டத்தைக் குறைக்கவோ வேண்டும்.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. சாளரத்தைத் திற என்று பிறர்க்குச் சொல்வதுபோல் மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் மக்களுக்குச் சொல்லிவிடல் எளிதன்று. கிழக்கிலிருந்து வரும் காற்றோடு நிலக்கரித் தூளும் சாம்பலும் புகையும் வரக்கூடும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரவு எண்ணூரில் அமோனியா வாயு கசிந்து, மக்கள் உறக்கத்தினின்றும் எழுந்து வீடுகளை விட்டு ஓடினர். இத்தகைய இடத்தில், திறந்தால் புகை, மூடினால் நோய் என இருபுறமும் நெருக்குண்ட நிலை. இதற்கு ஒரு வழி உண்டு. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞராகிய கார்சியும் ரோசந்தாலும் கூடி எளிய கருவி ஒன்றைக் கண்டனர். நான்கு பக்கமும் நுண்வடிகட்டித் தகடுகளைப் பெட்டிபோல் நிறுத்தி, மேலே ஒரு மின்விசிறியைப் பொருத்தினால், அறைக்காற்று அத்தகடுகளின் வழியே ஈர்க்கப்பட்டு வடிகட்டப்படும். நோய்த்துளியும் நிலக்கரித் தூளும் அளவில் ஒத்தன ஆகலின், ஒரே தகடு இரண்டையும் பிடிக்கும். எனினும், அமோனியா போன்ற வாயுவை இது நீக்காது என்பதையும், தகடுகளைக் காலத்தில் மாற்ற வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. காற்று தூயதாக உள்ள நாளில் சாளரம். புகை சூழ்ந்த நாளில் வடிகட்டி. இரண்டும் இயலாத நாளில் வகுப்பை ஒத்திவைத்தல். நம்மவர்க்கு ஏற்ற ஒழுங்கு இதுவேயாம்.

மூன்றாவது, காலத்தையும் தொகையையும் அளந்து அமைத்தல். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் இசைக்குழுக்களுக்கு வகுத்த முறையில், அறைக்குள் முப்பது நிமிடம் பயின்றபின் காற்று மாறும்வரை அறையை விட்டு நீங்குதல் சொல்லப்பட்டது. இதனை நம் வகுப்புக்குப் பொருத்திக் காண்போம். பன்னிருவர் பயிலும் வகுப்பை நால்வர் நால்வராக மூன்று பிரிவாக்கலாம். ஒரு பிரிவு அரைமணி பாடியபின் கால்மணி நேரம் அறை வெறுமையாக நிற்கட்டும். பின்னரே அடுத்த பிரிவு நுழையட்டும். மூன்று பிரிவுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகும். காத்திருக்கும் மாணாக்கர் திண்ணையில் அமர்ந்து சுரங்களை எழுதலாம். கையால் தாளமிட்டு வருணத்தை மனத்துள்ளே பாடலாம். வாய் திறவாத இப்பயிற்சி, பாடத்தை நினைவில் நிறுத்துவதற்கு மிகவும் உதவும். அறைக்குள்ளும் எப்போதும் உரத்துப் பாடவேண்டுவதில்லை. புதுப்பாடத்தைத் தணிந்த குரலில் கற்று, இறுதியில் ஒருமுறை முழுக்குரலில் பாடுதல் போதும்.

நான்காவது, கருவிக்கேற்ற காப்பு. வீணை, வயலின், மிருதங்கம், தவில், பறை ஆகியவற்றைப் பயில்வோர் முகக்கவசம் அணிந்தே முற்றும் பயிலலாம். ஆனால் கொன்னக்கோல் சொல்லுதலும் தவில் மாணாக்கர் சொற்கட்டு ஒப்பித்தலும் வாய்ப்பாட்டோடு ஒப்ப எண்ணத்தக்கன. நாகசுரத்திலோ சீவாளி வாயினுள் வைத்து ஈரமாக்கப்படுவது. ஆசிரியர் தம் சீவாளியை மாணாக்கனுக்கு ஊதிக் காட்டக் கொடுக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அதனை விட்டொழித்தல் வேண்டும். ஒவ்வொருவரும் தமக்கெனச் சீவாளியும் துடைக்கும் துணியும் வைத்துக்கொள்ளுதல் நலம். நாகசுரம் வெளியிடத்துக்கென்றே அமைந்த வாத்தியம் ஆகலின், அதனை வெளியிலேயே பயிலுதல் அதன் இயல்புக்கும் ஏற்றது. குழல், கிளாரினெட் முதலியவற்றுக்கும் இவ்வாறே கொள்க.

வாய்ப்பாட்டுக்கு முகக்கவசம் தடையாகாதோ எனின், சுருதிக்குத் தடையாகாது; சொல்லின் தெளிவு சிறிது குறையும். மாணாக்கர் கவசத்தோடு பாடப் பழகலாம். வாயசைவைக் காட்டவேண்டிய ஆசிரியர், மாடியிலோ திறந்த சாளரத்தருகிலோ தொலைவில் அமர்ந்து சிறிது நேரம் காட்டலாம். முகத்தின் முன் தொங்கவிடும் கண்ணாடித் தகடு கீழும் பக்கமும் திறந்திருத்தலின், மிதக்கும் நுண்துளிகளைத் தடுப்பதில்லை. அது கவசத்துக்கு ஈடாகாது.

ஐந்தாவது, கூடுதல் இயலாத நாளில் இணையவழிக் கற்றல். இதன் நன்மையும் குறையும் ஒருங்கே அறியத்தக்கன. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். மூன்று மீட்டர் விலகி அமர்ந்த இருவர்க்கிடையே ஒலி செல்ல ஒரு நொடியின் நூற்றில் ஒரு கூறே ஆகும். இணையத்தின் வழியேயோ, கால் நொடித் தாமதமும் அரிதன்று. ஓர் அட்சரத்துக்கு ஒரு நொடி என வைத்துச் சரளி வரிசையை மூன்றாங் காலத்தில் பாடினால், ஒரு சுரத்துக்குக் கிடைப்பது கால் நொடியே. ஆகவே, ஆசிரியரும் மாணாக்கனும் இணையவழிச் சேர்ந்து பாடின், மாணாக்கன் ஒரு முழுச் சுரம் பின்தங்கியவனாகவே கேட்கப்படுவான். அது அவன் குற்றமன்று. இதனை அறியாது ஆசிரியர் சினந்தும் மாணாக்கர் அழுதும் வருந்திய வீடுகள் பல இருக்கக்கூடும். இணையத்தில் சேர்ந்து பாடுதலை விடுத்து, ஆசிரியர் பாடி நிறுத்தியபின் மாணாக்கன் பாடும் முறையையே கைக்கொள்ள வேண்டும். தம்புராச் சுருதியை மாணாக்கன் தன்னிடத்தே ஒலிக்கச் செய்துகொள்ளல் வேண்டும். இடைவிடாது ஒலிக்கும் சுருதியை இரைச்சல் எனக் கருதி நீக்கிவிடும் இயல்பு இணையக் கூட்டச் செயலிகளுக்கு உண்டு. இயற்கை ஒலியை அப்படியே விடுக்கும் அமைப்பு அச்செயலியில் இருப்பின் அதனைத் தேர்ந்துகொள்க.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மூன்று குழந்தைகள் படிக்கும் வீட்டில் கைப்பேசி ஒன்றே எனின், பள்ளிப் பாடத்துக்குப்பின் இசைக்கு முறை வாராது. அந்தக் கைப்பேசியும் தந்தையோடு ஆலைப்பணிக்குச் சென்றுவிடும் நாள்கள் உண்டு. அத்தகைய மாணாக்கர்க்கு ஆசிரியர் பாடத்தைப் பதிவு செய்து அனுப்பினால், இரவில் கைப்பேசி வீடு திரும்பியபின் அவர்கள் கேட்டுக்கொள்வர். மாடி வகுப்பில் முதலிடம் இவர்களுக்கே அளித்தல் நீதியாம். கொள்ளைநோய்க் காலத்தில் வசதியுடைய குழந்தை ஓராண்டு முன்னேற, வசதியில்லாக் குழந்தை இசையையே விட்டு நீங்குமாயின், அதுவும் ஓர் இழப்பே.

அரங்க நிகழ்ச்சிகளைப் பற்றி மிகுதியாக உரைக்க வேண்டுவதில்லை. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையின் மார்கழி இசைவிழாக் கச்சேரிகள் பல இணையவழியே நடந்தன. கேட்போர் வீட்டிலிருந்தே கேட்டனர். அவ்வழி கோவில் விழாவையும் திருமணத்தையும் நம்பி வாழும் நாகசுர, தவில் கலைஞர்க்குப் பெரிதும் பயன்படவில்லை. தமிழ்நாட்டுக் கோவில்கள் மார்ச்சுத் திங்களில் அடியார்க்கு மூடப்பட்டுச் செப்டம்பர் முதல் நாளன்றே பொதுவாகத் திறந்தன. திருமணங்களுக்கும் ஐம்பதின்மர் என வரையறை இருந்தது. பயிற்சி நின்றால் கலை தேயும்; வருவாய் நின்றால் கலைஞனே வேறு தொழிலுக்குப் போய்விடுவான். ஆகலின், காப்பு முறைகளைக் கற்றுப் பள்ளிகளையும் விழாக்களையும் இயன்றவரை நடத்துவது வெறும் ஆர்வத்தின்பாற்பட்டதன்று. பலருடைய வாழ்வும் அதனைச் சார்ந்துள்ளது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அவை யாவும் ஒரே கருத்தில் அடங்கும். நாம் அஞ்சத்தக்கது பாட்டன்று. பலர் விட்ட மூச்சுத் தேங்கி நிற்கும் காற்றே. நீரைக் காய்ச்சி வடிகட்டிப் பருகக் கற்றுக்கொண்ட நாம், காற்றைப் பற்றி அத்துணைக் கவலை கொண்டிலேம். நம் கல்லூரி மாணவருள் ஆலயப் பாடகர் குழுவிலும், தெரு இசைக்குழுவிலும், வீட்டு வகுப்பிலும் பயில்வோர் பலர் இருத்தல் கூடும். அவர்கள் அடுத்த ஒத்திகைக்குச் செல்லுங்கால், பாய் விரிக்குமுன் எதிரெதிர்ச் சாளரங்கள் இரண்டும் திறந்துள்ளனவா என ஒருமுறை நோக்குவாராக. சளியுற்ற தோழனைக் கடிந்து கொள்ளாது, நலமுற்று வருக, உன் இடம் உனக்கே உண்டு எனச் சொல்லி அனுப்புவாராக. இவ்விரண்டு பழக்கமும் நம்மிடையே நிலைபெறின், அடுத்த கொள்ளைநோய் வருங்காலத்தும் இவ்வூர்களில் இசை ஓயாது. அதனைக் கற்பிக்கும் முதியோரும் நம்மோடு நெடுநாள் இருப்பர்.